அம்மா அப்பாவுக்குச் சத்தமில்லாத சின்ன கம்ப்யூட்டர்: பாகம் தேர்வதிலிருந்து பயாஸ் வரை

கம்ப்யூட்டர் சத்தத்தில் காதைக் குடைவது அதன் ஏற்ற இறக்கம்தான். ஒரே சீராக மெல்ல ஓடும் ஃபேனைச் சற்று நேரத்தில் காது மறந்துவிடும். ஒரு டேப் திறந்ததும் ‘உய்ங்’ என்று கிளம்பி, அரை நிமிடத்தில் அடங்கி, மறுபடி கிளம்பும் ஃபேனை யாராலும் மறக்க முடியாது. நாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அம்மாவோ அப்பாவோ, “என்னமோ கத்துதுப்பா, கெட்டுப்போச்சா பாரு” என்று போன் செய்வார்கள். சிலர் பயந்துபோய் பிளக்கையே பிடுங்கிவிடுவார்கள்.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுக்கப்போகிறோம்: இந்தப் பாகம், இந்த செட்டிங், ஃபேன் வேகத்தை மாற வைக்குமா? வேகமும் விலையும் அதற்கு அப்புறம்தான்.

## 1. அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்

என்ன செய்வீர்கள் என்று கேட்டால் “மெயில் பார்ப்பேன், நியூஸ் படிப்பேன்” என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. நாற்பது டேப் திறந்து கிடக்கும். ஒரு ஓரத்தில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். போனிலிருந்து படங்களை எடுக்க ஒரு கேபிள், பழைய பிரிண்டர், பேரப்பிள்ளைகளோடு பேச வெப்கேம். எத்தனை யூஎஸ்பி பொருள்கள் செருகியிருக்கின்றன, ஒரு நாளில் வீடியோ எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பெட்டி எங்கே உட்காரப்போகிறது, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் தேர்வில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

கூடவே, நாமே சேர்க்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். உள்ளங்கை அகல ரெடிமேட் மினி பிசி இந்த வேலைக்கெல்லாம் தாராளமாகப் போதும். அதன் தொல்லை உள்ளே இருக்கும் தட்டையான சின்ன ஃபேன். சிலவற்றில் பரவாயில்லை, சிலவற்றில் கொசு மாதிரி ரீங்கரிக்கும். அந்த ஃபேன் தேய்ந்துபோனால் அதே அளவில் மாற்று கிடைப்பதும் நிச்சயமில்லை. நாமே சேர்த்தால் கூலர் (பிராசசர் சூட்டை இறக்கும் பாகம்), ஃபேன், பவர் சப்ளை எல்லாம் நம் தேர்வு, ஐந்தாறு வருடம் கழித்தும் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். நேரமில்லாதவர்கள் மினி பிசியே வாங்கிக்கொண்டு, இதன் 7-ஆம் பகுதிக்குப் போய்விடலாம். அங்கே சொல்லும் செட்டிங்குகளில் பல அதற்கும் பொருந்தும்.

## 2. எவ்வளவு சின்னது போதும்?

சின்ன பெட்டி என்றால் சத்தமும் சின்னதாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

ஒரே வடிவமைப்பில் இரண்டு ஃபேன்கள் இருந்தால், தள்ளும் காற்று வேகத்துக்கு நேர் விகிதத்திலும், விட்டத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் கூடும். 120 மி.மீ. ஃபேன் தள்ளும் காற்றை 60 மி.மீ. ஃபேன் தள்ள வேண்டுமென்றால் அது 8 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். சத்தம் வேகத்தோடு இன்னும் செங்குத்தாக ஏறுகிறது: ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது ஃபேன் பொறியியலில் உள்ள பொதுவான கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன்கள் சேர்ந்தால் கூடுவதோ 3 டெசிபல்தான். ஆக, ஒரு சின்ன ஃபேன் பறப்பதைவிட இரண்டு பெரிய ஃபேன்கள் சோம்பேறியாகச் சுற்றுவது எவ்வளவோ மேல்.

இதை வைத்து என் சிபாரிசு: மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, அதாவது 170 மி.மீ. சதுரம். அதை வைக்க 8 முதல் 12 லிட்டர் கொள்ளளவுள்ள கேபினெட். ஒரு 120 மி.மீ. ஃபேனாவது அதில் மாட்ட இடம் இருக்க வேண்டும். மேஜை ஓரத்தில் நாலு தடித்த புத்தகங்கள் பிடிக்கும் இடம்தான் பிடிக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடம் ஒதுக்கிய கேபினெட் வேண்டாம். அந்த இடம் வீண்.

இன்னும் சின்னதாக வேண்டும், மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்ட வேண்டும் என்பவர்களுக்கு ஏஸ்ராக் டெஸ்க்மினி வகை இருக்கிறது. 155 மி.மீ. சதுரம், 80 மி.மீ. கனம், 2 லிட்டருக்கும் குறைவு. கேபினெட், போர்டு, அடாப்டர் சேர்ந்தே வரும். பிராசசர், லேப்டாப் ரேம், எஸ்எஸ்டி மட்டும் நாம் போட வேண்டும். எக்ஸ்300 மாடலில் 46 மி.மீ. உயரத்துக்குள் கூலர் அடங்க வேண்டும். நல்ல கூலரும் சரியான பயாஸ் (விண்டோஸ் கிளம்பும் முன் போர்டே திறக்கும் செட்டிங் திரை) செட்டிங்கும் இருந்தால் இதுவும் அமைதியாக ஓடும், ஆனால் தவறு செய்ய இடமே கிடையாது.

## 3. பிராசசர்: சூடு குறைவானதை எடுங்கள்

பெட்டிக்குள் உண்டாகும் சூடு முழுவதையும் ஃபேன்தான் வெளியே தள்ள வேண்டும். உண்டாகாத சூட்டுக்கு ஃபேன் தேவையில்லை. கோர் என்பது பிராசசருக்குள் கணக்கிடும் தனிப் பகுதி; ஆறு கோர், எட்டு கோர் எல்லாம் இந்த வேலைக்கு அலங்காரம்.

இன்டெல் என்100, 2023-இல் வந்தது. நாலு கோர், 6 வாட். பிராசசர் போர்டோடு பற்றவைக்கப்பட்டே வரும்; ஃபேனே இல்லாமல் ஹீட்சிங்க்கோடு (சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகம்) மட்டும் விற்கும் மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளும் உண்டு. ஏஸ்ராக்கின் என்100டிசி-ஐடிஎக்ஸில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை நேராகச் செருகலாம், எஸ்எம்பிஎஸ்ஸே (பெட்டிக்குள் வைக்கும் பவர் சப்ளை) வேண்டாம். பிரவுசர், வீடியோ, மெயில் என்று நிற்பவர்களுக்கு இது போதும். நாற்பது டேப் ஆசாமிகளுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளாடும். ரேம் ஒரே சேனல்தான், அதாவது பிராசசரிலிருந்து ரேமுக்கு ஒரே பாதை.

இன்டெல் ஐ3-12100 நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்). அடிப்படை மின் அளவு 60 வாட், உச்சத்தில் 89 வாட் வரை போகும். ஆனால் பயாஸில் அதை 35 வாட்டுக்குக் கட்டிப்போடலாம், பிரவுசரில் வித்தியாசம் தெரியாது. என் முதல் தேர்வு இதுதான். பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ளதை மறந்தும் வாங்காதீர்கள். அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, மானிட்டரில் படமே வராது.

ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி விலைக்கு நல்ல வேகம் தரும் சிப். ஆனால் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இணையத்தில் வீடியோக்கள் இப்போது ஏவி1 என்ற முறையில் சுருக்கப்பட்டு வருவது கூடிக்கொண்டே போகிறது. அதை விரிக்கும் தனிச் சுற்று 5600ஜி-இல் இல்லை. ஆகவே அந்த வேலை பிராசசர் கோர்கள் தலையில் விழும், சூடு ஏறும், ஃபேன் கிளம்பும். ஐ3-12100, என்100, ரைசன் 8600ஜி மூன்றிலும் அந்தச் சுற்று இருக்கிறது. நாளெல்லாம் வீடியோ ஓடும் வீட்டில் கோர் எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். கையில் ஏற்கெனவே 5600ஜி இருந்தால் தூக்கிப்போட வேண்டாம்; ஏவி1-க்குப் பதில் விபி9 வடிவத்தைக் கேட்கும்படி பிரவுசரில் மாற்றிக்கொள்ளலாம், அதற்கான நீட்சிகள் இருக்கின்றன.

## 4. கூலர், ஃபேன், காற்றுப் பாதை

பிராசசரோடு இலவசமாக வரும் கூலரை எடுத்து வைத்துவிடுங்கள். கேபினெட்டில் எவ்வளவு உயரக் கூலர் அடங்கும் என்பதை அதன் விவரக் குறிப்பில் பார்த்து, அதற்குள் கிடைக்கும் பெரியதை வாங்குங்கள். இடமே இல்லாத பெட்டிகளுக்கு நாக்டுவா என்எச்-எல்9 வரிசை இருக்கிறது: 37 மி.மீ. உயரம், 92 மி.மீ. ஃபேன், இன்டெலுக்கு ஒன்று, ஏஎம்டிக்கு ஒன்று, சாக்கெட் பார்த்து வாங்க வேண்டும். 60 அல்லது 70 மி.மீ. உயரம் கிடைத்தால் 120 மி.மீ. ஃபேன் உள்ள தட்டைக் கூலரே போடலாம். அது வேறு உலகம்.

ஃபேன் நாலு பின் உள்ளதாக இருக்கட்டும். மூன்று பின் ஃபேனில் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும், கொஞ்சம் கீழே போனால் நின்றுவிடும். நாலு பின்னில் நிமிடத்துக்கு 400, 500 சுற்று வரைகூட நிதானமாக இறக்கலாம்.

அடுத்தது, கூலர் ஃபேனுக்கும் கேபினெட்டின் பக்கவாட்டு வலைக்கும் உள்ள இடைவெளி. இரண்டு மூன்று மி.மீ. நெருக்கத்தில் வலை இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் வலைக் கம்பியைக் கடக்கும்போது ஒரு ‘ம்ம்ம்’ எழும். மாறாக நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஃபேன் வெளிக்காற்றை விட்டுவிட்டு, தான் ஊதிய சூட்டையே திரும்ப இழுக்கும். அதற்கு மருந்து மலிவு: பேக்கிங்கில் வரும் பஞ்சு அட்டையை வளையமாக வெட்டி, ஃபேன் விளிம்புக்கும் வலைக்கும் நடுவில் குழாய் மாதிரி பொருத்துங்கள். பிராசசர் சூடு சில டிகிரி இறங்கும், இறங்கிய அளவுக்கு ஃபேன் வேகத்தையும் இறக்கலாம்.

ஃபேனே வேண்டாம், கேபினெட்டையே ஹீட்சிங்க்காக ஆக்கிய மாடல் வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். என்100-க்குச் சரி. மற்றவற்றுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிராசசர் சூடு மட்டும்தான் கேபினெட்டின் உடம்புக்குப் போகும். எஸ்எஸ்டியும் போர்டின் மின்சுற்றுகளும் அசையாத காற்றில் வெந்துகொண்டிருக்கும். 500 சுற்றில் ஓடும் ஒரு 120 மி.மீ. ஃபேன் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் காதில் விழாது, ஆனால் உள்ளே இருப்பதற்கெல்லாம் மூச்சு கொடுக்கும்.

## 5. பவர் சப்ளையும் மற்றவையும்

இப்படிப்பட்ட பெட்டி சும்மா இருக்கும்போது இழுப்பது பெரும்பாலும் 30 வாட்டுக்குள். அதற்கு 600 வாட் எஸ்எம்பிஎஸ் எதற்கு? இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, வெளி அடாப்டரும் உள்ளே கைவிரல் அளவு டிசி போர்டும், பிக்கோ பிஎஸ்யூ என்று கேட்டால் கிடைக்கும். ஃபேன் ஒன்று குறைந்தது, சூடும் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. 35 வாட்டுக்குக் கட்டிய பிராசசருக்கு 120 வாட் அடாப்டர் தாராளம். மற்றொன்று, எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ், சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் வகை. ஃபேன் நின்று நின்று ஓடுவது நம் கேள்விக்கு முரணாயிற்றே என்றால், இந்தச் சுமையில் அது பெரும்பாலும் ஓடவே ஆரம்பிக்காது.

ரேம் 16 ஜிபி. இரண்டு சேனல் உள்ள போர்டு என்றால் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். உள் கிராஃபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. போர்டு டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வகை). மிக வேகமான மாடல் மிகச் சூடான மாடலும்கூட, நடுத்தரமே நல்லது. சுற்றும் ஹார்ட் டிஸ்க் இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. பழைய படங்கள் அதில் இருந்தால் வெளியே ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு, வேண்டும்போது மட்டும் செருகலாம்.

மானிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். வயதான கண்ணுக்கு 27 அங்குலத்தில் 1080பி என்பது வடிவமைப்பாளர்கள் முகம் சுளிக்கும் சேர்க்கை. ஆனால் எழுத்து இயல்பாகவே பெரிதாகத் தெரியும், எந்தப் பழைய மென்பொருளிலும் அளவு மாற்றித் தொல்லைப்பட வேண்டியதில்லை.

## 6. சேர்க்கும் வேலை

மேஜையைத் துடைத்துவிட்டு, உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்க அடிக்கடி ஏதாவது பெரிய உலோகத்தைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். கேபினெட்டுக்குள் எதையும் இப்போது நுழைக்க வேண்டாம்.

முதலில் பிராசசர். இன்டெல் 1700 சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும், விரல் படக் கூடாது. சிப்பின் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, மேலே வைத்து விடுங்கள். அழுத்த வேண்டாம். நெம்புகோலை மூடும்போது கொஞ்சம் பலம் வேண்டும், முறுக்குகிற மாதிரி ஒரு சத்தமும் வரும், பயப்படாதீர்கள். மேலிருக்கும் கறுப்பு மூடி தானே துள்ளி விழும். அதை எறியாமல் வையுங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

அடுத்து எஸ்எஸ்டி. சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, ஸ்க்ரூ போடுவது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது, போர்டோடு வந்த ஹீட்சிங்க் தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்ணில் படாது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். உரிக்காமல் மாட்டினால் சூடு தகட்டுக்குப் போகாது. கூலரின் அடிப்பக்கத்திலும் இப்படி ஒன்று இருக்கும். மினி-ஐடிஎக்ஸில் சில போர்டுகளுக்கு இரண்டாவது எஸ்எஸ்டி இடம் போர்டின் முதுகில் இருக்கும். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் இப்போதே போட்டுவிட வேண்டும்.

ரேம் இரண்டு பக்கமும் ‘டக்’ என்று விழும் வரை அமுக்கவும்.

தெர்மல் பேஸ்ட் (பிராசசர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) பட்டாணி அளவு, பிராசசரின் நடுவில். கூலரைக் குறுக்கு மூலைகளாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று, இரண்டு சுற்றாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் பேஸ்ட் ஒரு ஓரமாகப் பிதுங்கிவிடும்.

இந்த நிலையிலேயே, வெளியே வைத்தே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பவர் கேபிள்கள் இரண்டையும், போர்டுக்கு ஒன்று பிராசசருக்கு ஒன்று, செருகி, மானிட்டர் கேபிளைப் போர்டின் போர்ட்டில் போட்டு, பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டு அணைக்காதீர்கள். பயாஸ் திரை வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

இனிமேல்தான் கேபினெட். ஐஓ ஷீல்டு தகடு (பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடு) தனியாக வந்திருந்தால் அதுதான் முதலில். பிறகு பிராசசர் பவர் கேபிள் போக வேண்டிய இடத்தில் அதை முன்கூட்டியே படுக்கப் போடுங்கள். போர்டு உள்ளே போன பிறகு அந்த மூலைக்குக் கை நுழையாது. பவர் சுவிட்ச் ஒயருக்கு இடம் வலம் கிடையாது. எல்இடி ஒயர் மாறினால் எரியாது, அவ்வளவுதான். பெட்டி படுக்கை அறையில் இருக்கப்போகிறதா? எல்இடியை மாட்டாமலே விட்டுவிடலாம். நீல விளக்கு ராத்திரியெல்லாம் சுவரில் அடிப்பது சத்தத்துக்குக் குறைந்த தொல்லையல்ல.

கடைசியாகக் கேபிள்களைக் கட்டுங்கள். அழகுக்கு அல்ல: ஒரு ஒயர் நுனி தளர்ந்து ஃபேன் இறக்கையைத் தொட்டால் ‘டிக்டிக்டிக்’ என்று கேட்கும், அதுவும் பெட்டியை நீங்கள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகுதான் கேட்கும்.

## 7. பயாஸ்: அமைதி இங்கேதான் கிடைக்கிறது

நல்ல பாகம் வாங்கியும் சத்தம் என்பவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் பயாஸ் கம்பெனி செட்டிங்கிலேயே இருக்கும்.

முதல் வேலை, மின் அளவைக் கட்டுவது. இன்டெலில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு எண்கள். பிஎல்1 தொடர்ந்து இழுக்கக்கூடிய அளவு, பிஎல்2 சில நொடிகளுக்கு மட்டும் அனுமதிக்கும் உச்சம். பல போர்டுகள் சோதனை எண்களில் முந்துவதற்காக இவற்றை அளவுக்கு மேல் திறந்து வைத்திருக்கும். ஐ3-12100-க்கு பிஎல்1 35 வாட், பிஎல்2 50 வாட் வையுங்கள். ஏஎம்டியில் ஈகோ மோட், அல்லது சிடிடிபி என்ற பெயரில் இருக்கும். 65 வாட் சிப்பை 45-க்கு இறக்கலாம்.

அடுத்தது ஃபேன் வளைவு, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோடு. பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும்போது பிராசசர் அரை நொடி முழு வேகத்தில் பாயும். அந்த அரை நொடியில் உள் வெப்பமானி 15, 20 டிகிரி எகிறும். ஹீட்சிங்க் இன்னும் சூடாகவேயில்லை, ஆனால் ஃபேன் அந்த எண்ணைப் பார்த்துப் பதறி ஓடும். ஆரம்பத்தில் சொன்ன ‘உய்ங்’ இதுதான். இதை அடக்க இரண்டு செட்டிங்குகள் போதும்.

ஒன்று, வளைவைத் தட்டையாக்குவது. கேபினெட்டை மூடிவிட்டு, ஃபேனை 20 சதவீதத்திலிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டே காதால் கேளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் தகடு கூடச் சேர்ந்து முனகும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வளைவு அங்கே நிற்காதபடி பாருங்கள். காதுக்குக் கேட்காத உச்ச வேகம் எதுவோ, உதாரணமாக 35 சதவீதம், அதையே 65 டிகிரி வரை நேர்கோடாக வையுங்கள். அதற்கு மேல் 85 டிகிரிக்கு 60 சதவீதம் என்று மெல்ல ஏறட்டும். அந்த வேகத்தில் பயாஸ் காட்டும் ஃபேன் சுற்று எண்ணையும் குறித்து வையுங்கள். 75 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்டெலின் உச்ச வரம்பு 100, ஏஎம்டி ரைசன் ஜி வரிசையில் 95. சூட்டைக் குறைத்துப் பெருமைப்படுவதற்காக அமைதியை விற்காதீர்கள்.

இரண்டாவது, தாமதம். ‘ஸ்டெப் அப் டைம்’, ‘ஸ்மூதிங்’ என்று போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். எவ்வளவு அதிகம் கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுங்கள். நொடிப் பாய்ச்சல்கள் ஃபேன் காதுக்கே எட்டாது.

மீதி சில்லறை: டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும், இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருக்கும், விண்டோஸ் 11 அதைக் கேட்கும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ செட்டிங்குகள் எதையும் தொட வேண்டாம். வீட்டில் நீங்கள் இல்லாதபோது ஒரு நீலத் திரை வருவதற்கான வாய்ப்பை, யாரும் உணராத இரண்டு சதவீத வேகத்துக்காக ஏன் வாங்க வேண்டும்? மின்சாரம் போய் வந்தால் தானே ஆன் ஆகும் செட்டிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுராத்திரியில் திரை ஒளிர்ந்து தூக்கிவாரிப் போடும்.

## 8. ஒப்படைக்கும் முன் சோதனை

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு ஓசிசிடி மாதிரி ஒரு மென்பொருளால் பிராசசரை அரை மணி நேரம் வருத்துங்கள், மூடிய கேபினெட்டில், முடிந்தால் அது குடியிருக்கப்போகும் அலமாரியிலேயே.

அப்புறம் அறையின் ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு நீண்ட பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். உருட்டும் தாளத்துக்கு ஏற்ப மெல்லிய ‘கிர்ர்’ கேட்டால் அது காயில் வைன், மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, எங்கிருந்து வருகிறது என்று தேடலாம். எஸ்எம்பிஎஸ் அல்லது அடாப்டர் என்றால் மாற்றிக் கேளுங்கள். வயதானவர்களுக்கு உச்ச சுருதிகள் கேட்பது குறைந்துபோயிருக்கும், உங்களைக் குடையும் அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்காமலே போகலாம். அவர்களையே உட்கார வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

## 9. உள்ளே என்ன போடுவது

இதுவரை விண்டோஸில் பழகியவர் என்றால் விண்டோஸ் 11. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, புதுப் பெட்டியில் அதைப் போடாதீர்கள். பிரவுசரைத் தவிர வேறெதையும் தொடாதவர் என்றால் லினக்ஸ் மின்ட் அருமையாகப் பொருந்தும். அதிலுள்ள டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் தினசரி ஸ்னாப்ஷாட் (அன்றைய நிலையின் நகல்) போட்டு வைத்தால், எது உடைந்தாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். அவர்களுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நம் ஆசையா, அவர்கள் தேவையா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் போடுங்கள்.

அவர்கள் கணக்கு சாதாரணக் கணக்காக இருக்கட்டும், அட்மின் கணக்கு தனி. எழுத்து அப்படியும் சின்னதாகத் தெரிந்தால் மட்டும் திரை அளவை 125 சதவீதமாக்கி, மவுஸ் குறியைப் பெரிதாக்கிவிடுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் ஒழுங்காக ஷட் டவுன் ஆகும்படி வைத்துவிட்டு, அதை மட்டும் காட்டிக்கொடுங்கள்.

பிரவுசரில் ஒரு வேலை கட்டாயம். ‘இந்தத் தளம் அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்கும் பெட்டியை மொத்தமாக அணைத்துவிடுங்கள். “கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது என்று மூலையில் வருகிறது” என்ற புகார்களில் பெரும்பகுதி வைரஸே அல்ல. எப்போதோ தெரியாமல் ‘அனுமதி’ அழுத்திய தளம் ஒன்று அனுப்பும் விளம்பரம். ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

தொலைவிலிருந்து உதவ விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது, லினக்ஸுக்கு ரஸ்ட்டெஸ்க். இரண்டில் எதுவானாலும் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: போனில் யார் கேட்டாலும், பேங்க் என்றாலும் போலீஸ் என்றாலும், இதைத் திறக்கக் கூடாது; முதலில் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். மோசடிக்காரர்கள் கேட்பதும் இதே வகை மென்பொருளைத்தான்.

## 10. வைக்கும் இடம்

பெட்டியின் கால்களுக்கு ரப்பர் இல்லையென்றால் ஒட்டுங்கள். மரமேஜை அதிர்வை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கும். மானிட்டருக்குப் பின்னால் மாட்டுவது இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஃபேன் காதுக்கு அரை மீட்டரில் வந்துவிடும். கதவு மூடிய அலமாரிக்குள் வைக்கவே வேண்டாம்.

மவுஸ் தத்தித் தத்திப் போகிறது என்றால் மவுஸைத் திட்டாதீர்கள். யூஎஸ்பி 3 போர்ட்டில் ஓடும் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் பேசுவதும் அதே பகுதியில்தான். ரிசீவரை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு, முடிந்தால் ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி, மாற்றினால் சரியாகிவிடும். கேபிள் உள்ள மவுஸையும் கீபோர்டையும் கொடுத்துவிட்டால் இந்தக் கதையும் இல்லை, பேட்டரி தீர்ந்த கதையும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது பெட்டியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழலவிட்டால் பேரிங் கெடும். வலையில் படிந்த தூசிப் போர்வையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தாலே பாதி வேலை முடிந்தது. மூடிய பிறகு பயாஸுக்குள் போய் ஃபேன் சுற்று எண்ணை ஒரு பார்வை பார்த்து, முதல் நாள் குறித்து வைத்ததோடு ஒப்பிடுங்கள். அதே சதவீதத்தில் சுற்று தெளிவாகக் குறைந்திருந்தால் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது பையில் ஒரு ஃபேன் எடுத்து வாருங்கள்.